மூன்றாவது பாத்தி

அன்புள்ள கண்ணு,

பாப்பா பிறந்த செய்தியை நீ போனில் சொன்ன விதத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. "பொண்ணும்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. வெச்சர்றேன்." கரண்ட் ஆபீசிலிருந்து பேசுகிறவர்கள்கூட இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவார்கள். பேத்தி யார் ஜாடை, தலையில் முடி இருக்கிறதா, ஒன்றும் கேட்க விடவில்லை. நீ கோபமாக இருக்கிறாய். இருக்க வேண்டியதுதான். பிரசவம் பார்க்க வருகிறேன் என்று வந்தவள், எட்டு மாத வயிற்றோடு நிற்கிற மருமகளை விட்டுவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு சாக்கைச் சொல்லி, கிடைத்த விமானத்தில் ஏறி ஊருக்கு ஓடி வந்தால் எந்த மகனுக்குத்தான் பொறுக்கும்? உன் இடத்தில் நான் இருந்திருந்தால் போனே செய்திருக்க மாட்டேன்.

அனிதா என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். அவள் அம்மாவிடம் சொல்லி, அது நாலு வாய் சுற்றி என் காதுக்கு வந்து சேர்ந்தது. நான் ரசத்தைக் குறை சொன்னேனாம், அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாளாம், அந்த ரோஷத்தில் நான் கிளம்பிவிட்டேனாம். ரசத்தைக் குறை சொன்னது உண்மை. அது ரசமே இல்லை, புளித்தண்ணீர். ஆனால் அதற்காகக் கடல் தாண்டி ஓடி வருகிற அளவுக்கு எனக்கு இன்னும் கிறுக்குப் பிடிக்கவில்லை என்று அவளிடம் சொல். பிரசவம் நல்லபடியாக முடிந்துவிட்டது. இனிமேல் காரணத்தைச் சொல்லலாம். போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், பேச்சு கெட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி. அனிதாவுக்கு உடம்பு தேறட்டும், அப்புறம் சொன்னால் போதும்.

நீ என்னை உன் அகழாய்வு வேலை நடக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போன நாள் நினைவிருக்கிறதா? காரை விட்டு இறங்கியதும் தைல மரத்து வாசம் அடித்தது. "ஊட்டிக்கே வந்துட்டமா கண்ணு?" என்று கேட்டேன், நீயும் அனிதாவும் சிரித்தீர்கள். நாம் மூன்று பேரும் சேர்ந்து கடைசியாகச் சிரித்தது அதுதான். ஓடையை ஒட்டி, ஒரு காலத்தில் தங்கம் தோண்டிய பூமி. மண்ணையெல்லாம் அலசி எடுத்துக்கொண்டு, கூழாங்கல்லை மட்டும் குவியல் குவியலாகக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கல்லுக்கு நடுவே ஒரு துண்டு சமநிலம். அதில்தான் சீனாவிலிருந்து வந்தவர்கள் காய்கறி போட்டார்கள் என்றாய். தங்கத்துக்கு என்று வந்து, அது கைக்கு எட்டாமல், தங்கம் தோண்டுகிறவர்களுக்கு முட்டைக்கோஸும் கீரையும் விளைவித்து விற்றுப் பிழைத்தவர்கள். எனக்கு அவர்களை அப்போதே பிடித்துப்போய்விட்டது. நாமும் அதைத்தானே செய்தோம்? திருப்பூரே பனியன் தைத்துக்கொண்டிருந்தபோது, நானும் உன் அப்பாவும் அவிநாசியில் கத்திரிக்காயும் முள்ளங்கியும் போட்டு அந்த ஊர் மெஸ்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

முதலில் மேட்டிலிருந்த அவர்களுடைய மயானத்தைக் காட்டினாய். கல்லும் இல்லை, பெயரும் இல்லை. புல் தரையில் வரிசையாகப் பள்ளங்கள், அவ்வளவுதான். செத்தவர்களின் எலும்பைச் சில வருஷம் கழித்துச் சொந்தக்காரர்களோ ஊர்க்காரர்களோ வந்து எடுத்து, கழுவி, ஜாடியில் போட்டுக் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்றாய். எடுத்த பிறகு குழியைச் சரியாக மூடாமல் போய்விடுவதால் அது பள்ளமாகவே நின்றுவிடுமாம். ஒரே ஒரு இடம் மட்டும் வரிசையில் மட்டமாக இருந்தது. அதைக் காட்டி நீ சொன்னாய்: "பள்ளமா இருந்தா, வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு அர்த்தம்மா. மட்டமா இருந்தா, யாரும் வரலை. ஆளு இன்னும் உள்ளதான் இருக்காரு." நீ அதைப் பாடம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாய். நான் அந்த மட்டமான இடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அனிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரிலேயே இருந்தது நல்லதாகப் போயிற்று. வயிற்றுப் பிள்ளைக்காரி பார்க்கிற இடமில்லை அது.

அப்புறம் வெயில் சாய்கிற வரைக்கும் இரு என்றாய். வெயில் தாழ்ந்து அடித்தது. ஒன்றுமே இல்லாத புல் தரையில் பாத்திகள் எழுந்து வந்தன. நீளநீளமாக, நிழல் கட்டி, நேற்றுத்தான் மண் அணைத்துவிட்டுப் போனது போல. தோளில் தடி போட்டு, இரண்டு பக்கமும் தண்ணீர் டின்னைத் தொங்கவிட்டு அவர்கள் நடந்த பாதை. தண்ணீர் மொண்டுகொள்ள வெட்டிய குழி. உடைந்த ஜாடி ஓடுகள். செத்துச் சுண்ணாம்பாகிப்போனவர்களின் தோட்டம் அப்படியே இருக்கிறது. உன் வேலை என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. குப்பையைக் கிளறுகிற வேலைக்கு இத்தனை படிப்பா என்று உன் அப்பாவிடம் நான் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன்.

கடைசியாக அந்த வாய்க்காலைக் காட்டினாய். நீங்கள் வெட்டி வைத்திருந்த குழியின் சுவரில், செம்மண்ணுக்கு நடுவே கறுப்பாக, சட்டியைக் குறுக்கே அறுத்தது போல ஒரு வளைவு. வாய்க்கால் ஓடின இடத்தில் வண்டல் படிந்து அப்படி ஆகும் என்றாய். அதற்கு எட்டிய தூரத்தில் இன்னொரு வளைவு. "இது ரெண்டாவது வாய்க்கா. மொதல்ல வேற எடத்துல ஓடியிருக்கு, அப்பறம் தண்ணி வர்ற பக்கம் மாறினதும் இங்க தள்ளி வெட்டியிருக்காங்க. இது தெரியாம நாங்க இந்தப் புது வாய்க்கால்ல இருந்து பாத்திய எண்ணிட்டு இருந்தோம்மா. அத்தனையும் தப்பான எடம். பழசு கெடச்ச பொறகுதான் எல்லாம் நேராச்சு." இப்படிச் சொல்லிவிட்டு நீ திரும்பிப் பார்த்தபோது நான் கல் குவியல் மேல் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தலை சுற்றல் என்று நினைத்து நீ பிஸ்கட் கொடுத்தாய். தலை சுற்றவில்லை, கண்ணு. நம் தோட்டத்திலும் வாய்க்காலை மாற்றி வெட்டியிருந்தோம் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

உனக்கு மலரை எவ்வளவு நினைவிருக்கிறது என்று தெரியவில்லை. உன் தங்கச்சிக்கு அப்போது இரண்டு வயசு, நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாய். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். போகும்போது பஸ்ஸில் போனோம். வரும்போது டாக்ஸி. முந்தானையால் மூடி, தூங்குகிற பிள்ளையை வைத்திருப்பது போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். டிரைவருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி, ஒரு மேடு பள்ளத்தில்கூடத் தூக்கிப் போடாமல் அவிநாசி வரைக்கும் மெதுவாக ஓட்டி வந்தார். சின்னப் பிள்ளையை எரிக்கிற வழக்கம் நமக்கு இல்லை. சொந்தத் தோட்டத்திலேயே வைப்பதுதான் முறை. பெண்கள் கூடப் போகக் கூடாது என்பதும் முறை. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பாவும் ராசு சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் கிணற்றைத் தாண்டிப் போனார்கள். சோளத்தட்டு ஆள் உயரம் நின்றது. அதற்குள் நுழைந்ததும் யாரும் தெரியவில்லை. மண்வெட்டிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. திரும்பி வந்த உன் அப்பா மோட்டார் தொட்டியில் குளித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "வாய்க்கா முக்குல இருந்து மூணாவது பாத்தி."

அதற்கு அப்புறம் என் அண்ணன் வந்து என்னையும் உன்னையும் காங்கேயத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சில மாசம் அங்கேயே கிடந்தேன். சோறு இறங்கவில்லை. திரும்பி வந்தபோது சோளத்தட்டு அறுத்து, உழுது, புதுப் பாத்தி பிடித்து, கத்திரி நாற்று நின்றிருந்தது. நான் வீட்டுக்குள்கூடப் போகவில்லை. நேரே தோட்டத்துக்குள் இறங்கி, வாய்க்கால் முக்கிலிருந்து மூன்றாவது பாத்திக்குப் போய் அப்படியே விழுந்து அழுதேன். அங்கே செவ்வந்தி நட்டேன். நீ சின்னச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவாய். பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொள்வாய். நான் ஊரில் இல்லாதபோது கிணற்றுக்குப் புது மோட்டார் வைத்ததையும், அதற்காக வாய்க்காலைத் தள்ளி வெட்டியதையும் உன் அப்பா எனக்குச் சொல்லத்தான் சொன்னார். தோட்டத்துச் சமாச்சாரம் சொல்வது போலச் சொன்னார். நானும் தோட்டத்துச் சமாச்சாரம் கேட்பது போலத் தலையாட்டினேன். அதையும் இதையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லை. முப்பது வருஷம் பார்க்கவில்லை.

பொங்கல் தோறும் அந்த இடத்தில் பால் ஊற்றினோம், நீயும் ஊற்றியிருக்கிறாய். உன் அப்பா ஒரு தடவைகூடப் பக்கத்தில் வரவில்லை. கிணற்று மேட்டில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். "பெத்த புள்ளைக்கு ஒரு சொட்டுப் பால் ஊத்த வராத மனுசன் நீங்கெல்லாம்..." என்று உன் எதிரிலேயே எத்தனை தடவை ஏசியிருக்கிறேன்? "நீ ஊத்து. நான் இங்கிருந்தே பாத்துக்கறேன்" என்பார். கல் நெஞ்சுக்காரர் என்று நினைத்தேன். அவர் செத்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து நல்ல மனுசன் நல்ல மனுசன் என்று அழுதபோதுகூட, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனசு இளகவில்லை.

அவர் போன பிறகு தோட்டத்தை விற்றோம். அதைப் பற்றி உனக்குத் தெரியும். நீ அங்கிருந்து பவர் பத்திரம் அனுப்பினாய், இங்கே நான் கையெழுத்துப் போட்டேன். போர்க் கிணறு வற்றிவிட்டது, சுற்றிலும் எல்லாம் வீட்டு சைட்டாகிவிட்டது, ஒருத்தியாக வைத்துக்கொண்டு என்ன செய்வது? உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. லே-அவுட்காரரிடம் விலை பேசுகிற வேலையை ராசுவிடம் விட்டுவிட்டு, நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். எப்படியும் பார்க்குக்கு என்று கொஞ்சம் இடம் விட்டாக வேண்டுமே, அதை நான் காட்டுகிற இடத்தில் விடுங்கள் என்றேன். "அதுக்கென்னங்கம்மா, நீங்க கை காட்டற எடத்துலயே உட்டுப்போடறனுங்க" என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார். வாய்க்கால் முக்கில் நின்று, மூன்றாவது பாத்தியைக் காட்டினேன். கல் நட்டார்கள், கம்பி வேலி போட்டார்கள். அவள் தலைமேல் யாரும் வீடு கட்ட மாட்டார்கள், பிள்ளைகள் விளையாடுவார்கள் என்ற நிம்மதியில்தான் நான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன்.

இப்போது புரிகிறதா, அந்தக் கல் குவியல் மேல் நான் ஏன் அப்படி உட்கார்ந்துவிட்டேன் என்று? நான் காட்டியது புது வாய்க்காலிலிருந்து மூன்றாவது பாத்தி. உன் அப்பா சொன்னது பழைய வாய்க்காலிலிருந்து. வேலிக்குள் பத்திரமாக இருப்பது வெறும் மண். என் பிள்ளை எங்கேயோ சைட் போடுகிற இடத்தில் கிடக்கிறாள், எனக்கு அது எங்கே என்றுகூடத் தெரியாது. ஊரில் ஜேசிபி வந்து நின்றுவிட்டது என்று ராசு முந்தின வாரம்தான் போனில் சொல்லியிருந்தான். போனிலேயே நிறுத்தச் சொல்லலாமென்றால், எந்த இடத்தை என்று சொல்வது? திரும்பி வரும்போது காரில் உன்னிடம் சொல்லியிருப்பேன். முன் சீட்டில் அனிதா உட்கார்ந்திருந்தாள். நிறைமாசத்தை நெருங்குகிறவள் காது கேட்கச் செத்த பிள்ளையைப் பற்றிப் பேசுவேனா? வீட்டில் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாலும் உன் முகத்தைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள். எதையும் மறைக்கத் தெரியாத முகம் உனக்கு. அதனால் குளிர் என்றேன். மூட்டு வலி என்றேன். நீ ஹீட்டரை ஏற்றி வைத்தாய், வேறு மெத்தை வாங்கி வந்தாய். எதற்கும் மசியாமல் டிக்கெட் போடு, டிக்கெட் போடு என்று நச்சரித்தேன். ஏர்போர்ட்டில் அனிதா அழுதாள். திரும்பிப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று பயந்து திரும்பாமல் போனேன்.

கோயமுத்தூரில் இறங்கியதும் ராசுவைக் காரை நேரே தோட்டத்துக்கு விடச் சொன்னேன். "ஊட்டுக்குப் போயி குளிச்சுப்போட்டு வரலாமுங்க அண்ணி" என்றான். முறைத்ததும் வண்டியைத் திருப்பினான். போய்ப் பார்த்தால் அது நம் தோட்டம் மாதிரியே இல்லை. ரோடு போட்டு, மைல்கல் மாதிரி மஞ்சள் கல் நட்டு, நடுவில் பெரிய குழி. லே-அவுட்டுக்கு எல்லாம் பொதுவாகத் தண்ணீர்த் தொட்டி கட்ட வெட்டியிருந்தார்கள். ஆள் இறங்கினால் தலை தெரியாத ஆழம். நான் அதன் ஓரத்தில் நின்று எதிர்ச் சுவரைப் பார்த்தேன். செம்மண்ணுக்கு நடுவே கறுப்பாக, சட்டியைக் குறுக்கே அறுத்தது போல ஒரு வளைவு. நீ அங்கே காட்டினாயே, அதேதான். உன் அப்பா மூடிவிட்ட பழைய வாய்க்கால். அதிலிருந்து இந்தப் பக்கம் ஒரு பாத்தி, இரண்டு பாத்தி, மூன்றாவது பாத்தி. மூன்றாவது பாத்தி இருக்க வேண்டிய இடத்தில் மண்ணே இல்லை. காற்றுதான் இருந்தது.

ராசு எனக்குப் பின்னால் நின்றிருந்தான்.

"ராசு, பாப்பாவ எங்க வெச்சீங்க? நெசத்தச் சொல்லு."

"இப்ப எதுக்குங்க அண்ணி அதெல்லாம்?"

"இந்தக் குழியிலதானே?"

தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "அண்ணன்தான் சொல்ல வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க. நீங்க காங்கேயத்துல இருந்து வந்ததும் அந்தப் பாத்தியில போயி உளுந்து அளுதீங்க. எடம் அது இல்லைன்னு போயிச் சொல்லறேன்னு நான் கெளம்புனனுங்க. 'அளுது முடிக்கட்டும்டா, அப்பறம் சொல்லிக்கலாம்'னாரு. அப்பறம் நீங்க செவ்வந்தி நட்டுப்போட்டீங்க. அதுல பூவும் வந்துபோச்சு. அதுக்கு மேல எப்படீங்க சொல்றது?"

"பார்க்குக்கு நான் எடம் காட்டறப்பவாவது வாயத் தொறந்திருக்கலாமே?"

"நீங்க அத்தன நிம்மதியாக் காட்டுனீங்க. எனக்கு வாய் வரலீங்க அண்ணி." இன்னொன்றும் சொன்னான். "ஜேசிபி எறங்குன அன்னைக்கு நான் வந்து நின்னனுங்க. ஒரு சூடம் பத்த வெச்சுப்போட்டுத்தான் போனேன்."

அவனை அடிக்கக் கை ஓங்கினேன், கண்ணு. அறுபது வயது ஆளை. அவன் விலகாமல் நின்றான். அப்புறம் கையை இறக்கிவிட்டேன். அவனாவது வந்து நின்றானே.

எடுத்த மண் எங்கே என்று கேட்டேன். ரோட்டோரப் பள்ளத்துக்குக் கொஞ்சம், தாழ்வாக இருந்த சைட்டுகளுக்குக் கொஞ்சம் என்று இறைத்துவிட்டிருந்தார்கள். மீதி ஒரு குவியல் ஓரமாகக் கிடந்தது. ஜேசிபி ஓட்டினவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வெறும் மண்ணுதானுங்கம்மா வந்துச்சு. வேற ஒண்ணும் கண்ணுல படலீங்க" என்றார். நான் எதைத் தேடுகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கடையில் மணல் சலிக்கிற சல்லடை ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். உன் ஆட்கள் உட்கார்ந்து மண்ணைச் சலிப்பதை அங்கே பார்த்தேனே, அதே மாதிரி. ராசு கூப்பிடாமலேயே வந்து மறுபக்கம் சல்லடையைப் பிடித்துக்கொண்டான். லே-அவுட்காரர் வந்து, "நகை கிகை ஏதாச்சும் காணாமப் போச்சுங்களாம்மா?" என்று அக்கறையாகக் கேட்டார். ஆமாங்க என்றேன்.

நம் மண்ணைப் பற்றி உனக்குத் தெரியும். எங்கே தோண்டினாலும் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக்கல் வரும். ஒவ்வொரு தடவை சல்லடையை ஆட்டும்போதும் மண் இறங்கி, வெள்ளையாக ஒன்று மேலே நிற்கும். எடுத்துத் துடைத்தால் கல். மறுபடி வெள்ளை, மறுபடி கல். அந்தக் குவியல் முடிகிற வரைக்கும் சலித்தோம். நத்தை ஓடு கிடைத்தது. பழைய மோட்டாரின் ரப்பர் வளையம் ஒன்று கிடைத்தது. காலில் போட்டிருந்த தண்டையோடுதான் அவளை வைத்ததாக ராசு சொன்னான். அது கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் ஒரு பிடி மண்ணோடு பவானிக்குக் கொண்டுபோய்க் கூடுதுறை ஆற்றில் விட்டிருப்பேன். வெறும் மண்ணையாவது விடலாம் என்று ராசு சொன்னான். எந்த மண்ணை எடுப்பது? அவள் எந்த சைட்டில் கிடக்கிறாள், எந்த ரோட்டுக்கு அடியில் கிடக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்? பார்க்குக்குள் இப்போது ஒரு சறுக்கு மரம் வைத்திருக்கிறார்கள்.

முப்பது வருஷத்தில் அங்கே என்னம்மா மிஞ்சியிருக்கும் என்று நீ கேட்பாய். உன் படிப்புக்கு அது சரியான கேள்வி. எனக்கு எலும்பு வேண்டியதில்லை, கண்ணு. அவள் இங்கே இருக்கிறாள் என்று விரல் நீட்டிச் சொல்ல ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான். சாமி கும்பிடும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரிய வேண்டும். அது இப்போது இல்லை. இரண்டாவது தடவையும் அவளைப் பறிகொடுத்துவிட்டேன். முதல் தடவை காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

உன் அப்பாவை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கிணற்று மேட்டில் அவர் எனக்கு முதுகைக் காட்டி நிற்கவில்லை, அவளுக்கு முகத்தைக் காட்டி நின்றார் என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் மன்னிக்க முடியவில்லை. வருஷா வருஷம் நான் வெறும் மண்ணுக்குப் பால் ஊற்றுவது தெரிந்துகொண்டே நின்ற மனுஷன். என் மனசு நோகக் கூடாது என்றுதான் நின்றிருப்பார், சந்தேகமே இல்லை. நம் ஊரில் அந்தத் தன்மைக்குக் குறைச்சல் கிடையாது. சண்டை போட்டால்கூட 'ங்க' போட்டுத்தான் போடுவோம். யார் மனசும் நோகாமல் பேசிப் பேசியே சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் செத்துப்போவோம். நீயும் அவர் பிள்ளைதான். உனக்கும் அந்தக் குணம் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது, இல்லாவிட்டால் குளிர், மூட்டு வலி என்று உன்னிடம் பொய் சொல்லியிருப்பேனா?

அதனால் உனக்கு ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். என்றைக்காவது அனிதா தப்பான இடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால், பார்த்துக்கொண்டு நிற்காதே. போய்ச் சொல். அவள் அழுகையின் நடுவிலேயே சொல். உன்னைக் கண்டபடி ஏசுவாள், வாங்கிக்கொள். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் பூச்செடி முளைத்துவிடும். பாப்பாவுக்கு மலர் என்று பெயர் வைக்கலாமா என்று அனிதா கேட்டதாக அவள் அம்மா சொன்னார். நல்ல மனசோடுதான் கேட்டிருப்பாள். வேண்டாம். அந்தப் பெயர் அவளுடையது. அவளுக்கென்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். உன் மகளுக்கு நீங்கள் புதிதாக ஒன்று வையுங்கள். என் காலம் முடிந்தால் என்னை மின்மயானத்தில் எரித்துவிடு. சாம்பலை ஆற்றில் கரைத்துவிடு. என்னை எங்கே வைத்தோம் என்று யாரும் பாத்தி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

போன வாரம் கூட ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தொட்டி கட்டி முடித்து, மேலே கான்கிரீட் மூடி போட்டு, சுற்றிலும் மண் நிரவிவிட்டார்கள். அங்கே ஒரு குழி இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. தரையோடு தரையாக மட்டமாக இருக்கிறது. மட்டமாக இருந்தால் யாரும் வரவில்லை என்று அர்த்தம் என்று சொன்னாய். ரொம்ப காலம் கழித்து உன்னைப் போல யாராவது வந்து அந்த இடத்தைப் பார்த்தால் அப்படித்தான் எழுதிக்கொள்வார்கள். நீ மட்டும் அப்படி நினைத்துவிடாதே, கண்ணு. நான் வந்தேன். எட்டு மாத வயிற்றுக்காரியை விட்டுவிட்டு, உன் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டு, கடல் தாண்டி ஓடி வந்தேன். வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

உன் அம்மா